மகள் ஆராய்ச்சிக்குப் போகலாமா?

"கெமிக்கல் இன்ஜினீயரிங் முடிச்சவ, கிடைச்ச வேலையை வேண்டாங்கறா சார். ஆராய்ச்சின்னா சோத்துக்கு வழி உண்டா?" என்று பொங்கல் விழாவில் ஒரு தாயார் கேட்டார். அத்துறை ஆசிரியனான நான் சொன்னது இது:

கேட் தேர்வில் நல்ல மதிப்பெண் இருந்தால், பி.டெக். முடித்தவர்களும் ஐ.ஐ.டி.களில் நேரடியாகப் பிஎச்.டி. சேரலாம். 2023 முதல் உதவித்தொகை முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. பட்டம் பெற ஏறக்குறைய ஐந்தாண்டு ஆகும். பேராசிரியர் வேலை அதன்பின்னும் காத்திருந்துதான் கிடைக்கும்.

பயன் உண்டா? தண்ணீரிலிருந்து மின்சாரத்தால் ஒரு கிலோ ஹைட்ரஜன் பிரிக்க 50 யூனிட்டுக்கு மேல் செலவாகிறது. இயற்கை கேட்பது சுமார் 39 தான். அந்த இடைவெளியைக் குறைப்பதே உங்கள் மகள் படித்த படிப்பு.

முப்பது வயதுவரை அவளை அவசரப்படுத்தாதீர்கள், அம்மா.