புகைப்பெட்டிக்கு இரண்டாவது எலிமென்ட்

கஹவாய் மீனை மனுக்கா மரத்தூளில் புகையூட்டும் மின்பெட்டி, ஒக்லாந்தின் குளிர்காலத்தில் சூடேறத் தாமதிப்பதுண்டு. இன்னொரு எலிமென்ட் பூட்டலாமா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். இங்கு மின்சாரம் 230 வோல்ட். சாதாரண சுவர்ச் சொக்கெட் தாங்குவது 10 அம்பியர், அதாவது 2300 வாட். 800 வாட் எலிமென்ட் இரண்டைச் சமாந்தரமாக இணைத்தால் 1600 வாட், ஏறத்தாழ 7 அம்பியர். சொக்கெட் தாங்கும்.

ஆபத்து பெட்டிக்குள்ளே இருக்கிறது. அங்குள்ள தெர்மோஸ்டாட்டும் வயரும் ஒரு எலிமென்ட்டின் மூன்றரை அம்பியருக்கே அமைந்தவையாக இருக்கலாம். சுமை இரட்டிப்பானால் தெர்மோஸ்டாட்டின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்ளக்கூடும். பிறகு சூடு அணையாது. மீன் கொழுப்பில் தீப்பற்றும்.

ஆகவே 10 அம்பியர் தெர்மோஸ்டாட்டும், வெப்பம் தாங்கும் சிலிக்கன் உறை வயரும் போட வேண்டும். சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தனிக் கட்டவுட்டும் தேவை. உலோகப் பெட்டிக்கு எர்த் கட்டாயம். அமெரிக்காவின் 120 வோல்ட் எலிமென்ட் வேண்டவே வேண்டாம். இங்குள்ள மின்சாரத்தில் அது மூன்றரை மடங்குக்கு மேல் சூடேறும்.

இந்த வேலையைப் பதிவுபெற்ற மின்பணியாளரிடம் ஒப்படையுங்கள். அதற்கு முன் பெட்டியைக் காற்றுப்படாத மறைவில், ஆனால் வீட்டுக்கு வெளியே வைத்துப் பாருங்கள். பலருக்கு அதுவே போதுமாகிவிடும்.