தொடு அட்டையும் மிச்சக் கணக்கும்



தமிழும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூரிலே, 2024ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், சிறியதொரு மனக்கசப்பு எழுந்தது. பஸ்ஸிலும் புகையிரதத்திலும் நாள்தோறும் பிரயாணஞ் செய்யும் மக்கள், தங்கள் கட்டண அட்டையில் எவ்வளவு பணம் மிஞ்சியிருக்கிறது என்பதை அவ்வப்போதே தங்கள் கண்ணாற் காணவேண்டுமென்று கேட்டார்கள். அரசாங்கம் இரண்டு வாரத்துக்குள் தன் தீர்மானத்தை மாற்றிக்கொண்டது. அதன்பொருட்டு 40 மில்லியன் சிங்கப்பூர் டொலர் மேலதிகமாகச் செலவிடவும் இசைந்தது. ஒரு கணம் தோன்றி மறையும் ஓர் எண்ணுக்காக இத்துணைப் பெருந்தொகையா என்று நீங்கள் வியக்கலாம். அந்த எண்ணின் பெறுமதி யாது என்பதையே இன்று சிறிது ஆராய்வோம்.

முதற்கண், இந்த அட்டை எவ்வாறு தொழிற்படுகிறது என்பதை அறிந்துகொள்ளுதல் வேண்டும். பார்வைக்கு அஃது ஒரு சாதாரணப் பிளாஸ்டிக் அட்டை. அதனுள்ளே மின்கலம் கிடையாது. விளிம்பை ஒட்டிச் சுற்றிவரும் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்றும், விரல் நகத்திலும் சிறிய சிலிக்கன் சில்லு ஒன்றுமே அதனுள் இருக்கின்றன. புகையிரத நிலையத்து வாயிலிலே பொருத்தப்பட்ட கருவி, ஒரு செக்கனுக்கு 13.56 மில்லியன் தடவை மாறி மாறி அலையும் காந்தப் புலமொன்றைப் பரப்பிக்கொண்டிருக்கிறது. அட்டையை அதற்குச் சில அங்குல தூரத்துக்குக் கொண்டுசென்றதும், கம்பிச்சுருளிலே சிறிது மின்னோட்டம் பிறக்கிறது. 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் என்னும் தத்துவமே இதுவாகும். அந்தச் சிறு மின்சாரத்தைப் பெற்றுச் சில்லு விழித்துக்கொள்கிறது. கருவியும் அட்டையும் ஒன்றையொன்று, "நீ உண்மையானவனா?" என்று இரகசிய எண்களாற் சோதித்துக்கொள்கின்றன. சோதனை தேறியதும் வழி திறக்கிறது. இவையாவும் அரைச் செக்கனுக்குள் நடந்து முடிகின்றன.

இந்த அரைச் செக்கனிலேதான் நகரங்களின் அக்கறை முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரு வாயிலைக் கடக்க ஒவ்வொருவருக்கும் இரண்டு செக்கன் வேண்டுமாயின், ஆயிரம் பேர் கடப்பதற்கு முப்பத்துமூன்று நிமிடஞ் செல்லும். அரைச் செக்கன் போதுமாயின், எட்டரை நிமிடத்துக்குள் அவர்கள் கடந்துவிடலாம். காலையிலே தொழிலுக்கு விரையும் பெருங்கூட்டத்துக்கு இது சிறிய உதவியன்று. ஹொங்கொங் நகரம் 1997ஆம் ஆண்டிலும், சிங்கப்பூர் 2002ஆம் ஆண்டிலும், இலண்டன் மாநகரம் 2003ஆம் ஆண்டிலும் இத்தகைய அட்டையை ஏற்றுக்கொண்டமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

விரைவு மட்டுமன்றி, மனிதரால் எளிதிற் செய்யமுடியாத கணக்கையும் இவ்வட்டை சாத்தியமாக்கிற்று. 2010ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் சிங்கப்பூரிலே, ஒருவர் பஸ்ஸில் ஏறிப் பின்னர் புகையிரதத்துக்கு மாறினாலும், பிரயாணஞ் செய்த மொத்தத் தூரத்துக்கே கட்டணம் கணிக்கப்படுகிறது. இலண்டனிலே 2005ஆம் ஆண்டு முதல், ஒருவர் ஒரே நாளில் எத்தனை தடவை பிரயாணஞ் செய்தாலும், கட்டணம் ஒரு குறித்த எல்லையைத் தாண்டாதபடி இயந்திரமே கணக்கிட்டு நிறுத்திவிடுகிறது. கட்டண அட்டவணையைப் படித்தறிய நேரமில்லாத தொழிலாளிக்கும், அதனை நன்கு படித்தறிந்தவருக்குரிய சலுகை கிடைத்துவிடுகிறது. இது பாராட்டத்தக்கதே.

இனி, சிங்கப்பூரில் எழுந்த பிரச்சினைக்கு வருவோம். இவ்வட்டைகளில் இருவகை உண்டு. ஒன்று பணப்பை போன்றது. மற்றையது கடைக்காரரின் கொப்பி போன்றது. முதல் வகையிலே பணத்தின் கணக்கு அட்டையின் சில்லிலேயே எழுதப்பட்டிருக்கிறது. கருவி கட்டணத்தைக் கழித்து, மிச்சத்தைச் சில்லிலே எழுதி, அதே எண்ணைப் பிரயாணிக்குங் காட்டிவிடுகிறது. இரண்டாம் வகையிலோ, அட்டை தன் அடையாள இலக்கத்தை மாத்திரமே சொல்லுகிறது. கணக்கு முழுவதும் எங்கோ ஒரு மத்திய கணினியிலே பதியப்படுகிறது.

இரண்டாம் வகையாலே விளையும் நன்மைகள் பல. அட்டை தொலைந்தாலும் அதிலிருந்த பணத்தைக் காப்பாற்றலாம். வீட்டிலிருந்தபடியே கைத்தொலைபேசி மூலம் பணஞ் சேர்க்கலாம். வங்கி அட்டையையே பிரயாணச் சீட்டாகவும் பயன்படுத்தலாம். 2019ஆம் ஆண்டிலே 'சிம்பிளிகோ' என்னும் பெயரில் சிங்கப்பூர் இம்முறையைத் தொடக்கியது. ஆயினும் இதிலே ஒரு குறை உண்டு. வாயிலிலே மிச்சத்தைக் காட்டவேண்டுமாயின், கருவியானது மத்திய கணினியைக் கேட்டு விடைபெறுதல் வேண்டும். அதற்கு மேலுஞ் சில செக்கன்கள் செல்லும், வரிசை நீளும். ஆகவே மிச்சம் வாயிலிலே காட்டப்படுவதில்லை. அறிய விரும்புவோர் கைத்தொலைபேசியிலோ, நிலையத்திலுள்ள இயந்திரத்திலோ பார்த்துக்கொள்ளலாம்.

2024 ஜனவரி 9ஆந் திகதி, வளர்ந்தோருக்குரிய பழைய வகை அட்டைகள் ஜூன் மாதம் முதல் ஏற்றுக்கொள்ளப்படமாட்டா என்று அறிவிக்கப்பட்டது. அக்காலத்திலே வளர்ந்தோர் பிரயாணங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு புதிய முறையிலேயே நடைபெற்றன. ஆயினும் எஞ்சியோரின் குரலை அரசாங்கம் புறக்கணிக்கவில்லை. ஜனவரி 22ஆந் திகதி போக்குவரத்து அமைச்சர் சீ ஹொங் டாட், இரு முறைகளும் தொடர்ந்து நடைபெறும் என்று அறிவித்தார். முன்னர் கூறிய 40 மில்லியன் டொலர், பழைய முறையைத் தொடர்ந்து பேணுவதற்காக ஒதுக்கப்பட்டதாகும்.

இதனைச் சிலர், புதுமையை விரும்பாதாரின் பிடிவாதம் என்று கருதக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. பள்ளிக்கூடத்திலே கணக்குச் செய்யும் மாணவன் விடையை மட்டும் எழுதிவிட்டு நின்றால், அவ்விடை சரியாயிருப்பினும் நாங்கள் முழுப் புள்ளியும் கொடுப்பதில்லை. செய்கையைக் காட்டு என்கிறோம். அம்மாணவன்மீது ஐயங்கொண்டு அப்படிச் சொல்வதில்லை. எங்கேனும் பிழை நேர்ந்தால் அவனும் நாமும் அதனைக் கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காகவே சொல்லுகிறோம். தூரத்தையும், மாறியேறிய வண்டிகளையுஞ் சேர்த்துக் கணிக்கப்படும் கட்டணத்தைப் பிரயாணி தன் மனத்திலே கணித்தல் எளிதன்று. அந்நிலையிலே, சற்றுமுன் இருந்த தொகையும் இப்பொழுதுள்ள தொகையுமே அவருக்கு வாயிலிற் கிடைக்கக்கூடிய சோதனை. அளவான வருமானத்திலே குடும்பம் நடத்தும் ஒருவருக்கு, நாளைய பிரயாணத்துக்குப் பணம் போதுமா என்பதை வாயிலைக் கடக்கும்போதே அறிந்துகொள்வது ஓர் ஆறுதலுமாகும்.

கணக்கு முழுவதும் பிறர் கையிலே இருக்கும்போது நேரக்கூடிய இன்னொரு தீங்கையும் ஹொங்கொங் நகரம் கண்டது. அங்கே கட்டண அட்டையோடு இணைந்த பரிசுத் திட்டமொன்றிற் பதிவுசெய்திருந்த ஏறக்குறைய இருபது இலட்சம் பேரின் சொந்த விபரங்கள் வர்த்தக நிறுவனங்களுக்குக் கொடுக்கப்பட்டன என்பதும், அதனால் 44 மில்லியன் ஹொங்கொங் டொலர் வருமானங் கிடைத்தது என்பதும் 2010ஆம் ஆண்டிலே வெளிவந்தன. மக்கள் கொதித்தெழுந்தனர், நிறுவனத்தின் தலைமை அதிகாரி பதவி விலகினார். கணக்கை வைத்திருப்பவர் நம்மைப் பார்க்கிறார். நாமும் அந்தக் கணக்கைப் பார்க்க வழியிருத்தல் நியாயமல்லவா?

இவற்றைக் கொண்டு, தொடு அட்டை வேண்டாம் என்று யான் கூறுவதாக எவரும் கொள்ளலாகாது. அதன் பயனை மேலே எடுத்துரைத்தேன். இலண்டன் மாநகர பஸ் வண்டிகள் 2014ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே காசு வாங்குவதை நிறுத்தியபோது, அட்டையிலே பணங் குறைந்தவர் நடுவழியில் நிற்காதபடி, மேலும் ஒரு பிரயாணத்தை அனுமதிக்கும் ஏற்பாட்டையும் செய்தன. அவசரத்திலே மனிதருக்கு நேரும் மறதிக்கு இடங்கொடுத்த ஏற்பாடு அது. ஓர் எண்ணைத் திரையிலே காட்டுவதற்காகச் சிங்கப்பூர் ஒதுக்கிய தொகையும் அத்தகையதே. எந்த நகரம் இவ்வட்டையை மேற்கொள்ளினும், எத்தனை செக்கன் மிச்சமாகும் என்று கேட்பதோடு, பிரயாணியின் கண்ணுக்கு எது தெரியும் என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுதல் நன்று. பின்னர் கேட்பதற்கு ஆகும் செலவு எவ்வளவு என்பதைச் சிங்கப்பூர் நமக்குக் காட்டிவிட்டது.