டைம்லாப்ஸ்: படம் எடுக்கும் முன்பே தொடங்கும் படத்தொகுப்பு

சீரான கால இடைவெளியில் எடுத்த தனித்தனி நிழற்படங்களை அடுத்தடுத்துக் கோத்து, மணிக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ நிகழும் மாற்றத்தைச் சில விநாடிகளில் ஓடவிடும் முறை டைம்லாப்ஸ் எனப்படுகிறது. இங்கிலாந்தின் பெர்சி ஸ்மித் 1910-இல் மொட்டுகள் மலர்வதை இம்முறையில் படமாக்கிக் காட்டிய காலத்தைவிடக் கருவிகள் இன்று எளிதாகிவிட்டன என்றாலும், எல்லாம் எடுத்து முடித்த பின்னரே பிழை தெரியவரும் இயல்பு மட்டும் மாறவில்லை.

தலையாயது இடைவெளிக் கணக்கு. காணொளி விநாடிக்கு 25 படங்கள் வீதம் ஓடுமானால் 10 விநாடிக் காட்சிக்கு 250 படங்கள் வேண்டும். 5 விநாடிக்கு ஒரு படம் என எடுத்தால் அதற்கு ஏறத்தாழ 21 நிமிடங்கள் ஆகும். எனவே இறுதிக் காட்சி எத்தனை விநாடி ஓட வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவதே முறை. விரையும் மேகங்களுக்கு 1 அல்லது 2 விநாடி இடைவெளியும், மெல்ல நகர்வனவற்றுக்கு 5 முதல் 10 விநாடியும், நீண்ட நேரம் ஒளியேற்க வேண்டிய விண்மீன்களுக்கு 20 முதல் 30 விநாடியும் பொதுவாகப் பொருந்தும். ஐயம் எழும்போது குறைந்த இடைவெளியையே தேர்வது நல்லது. ஏனெனில் ஒன்றுவிட்டு ஒரு படத்தை நீக்கி வேகத்தை இரட்டிப்பாக்குவது எளிது, ஆனால் எடுக்காத படத்தை மென்பொருள் ஊகித்து நிரப்பும்போது மேகத்தின் விளிம்பும் நடப்போரின் கால்களும் சிதைந்து தெரியக்கூடும். இதற்கு ஈடாகச் சேமிப்பிடம் கூடுதலாக வேண்டும்: படம் ஒன்று 25 மெகாபைட் எனில், 5 விநாடி இடைவெளியில் 2 மணி நேரம் எடுக்கும் 1,440 படங்கள் 36 ஜிகாபைட்டை நிரப்பிவிடும்.

அடுத்து வருவது மினுக்கம், அதாவது காட்சி ஓடும்போது வெளிச்சம் படத்துக்குப் படம் துடிப்பது. ஒளியளவு, ஒயிட் பேலன்ஸ் ஆகியவற்றைக் கேமராவின் தானியங்கி முடிவுக்கு விட்டால் இத்தகைய தடுமாற்றம் நேர்வதில் வியப்பில்லை; அனைத்தையும் கையால் நிலைநிறுத்திய பின்னும் அது நேர்வதுதான் பலரைக் குழப்புகிறது. ஒளி நுழையும் துளையான அபெர்ச்சர் ஒவ்வொரு படத்துக்கும் சுருங்கி மீண்டும் விரிவதால், அளவில் நேரும் நுண்ணிய வேறுபாடு தனிப்படத்தில் தெரியாமல் காணொளியில் வெளிப்படுகிறது. அபெர்ச்சரை முழுமையாகத் திறந்து வைப்பதோ, அதைக் கையால் திருப்பி நிறுத்தும் பழைய வகை லென்ஸைப் பயன்படுத்துவதோ இதைத் தடுக்கும். மினுக்கம் நீக்கும் மென்பொருள்கள் உண்டு. எனினும் வெண்மேகம் ஒன்று சட்டகத்துக்குள் நுழைந்ததால் இயல்பாகக் கூடிய வெளிச்சத்தையும் அவை பழுதெனக் கருதிக் குறைத்துவிடக்கூடும்.

அந்தியிலிருந்து இரவுக்குள் செல்லும் காட்சியே மிகக் கடினமானது. வெளிச்சம் பல்லாயிரம் மடங்கு குறைவதால் அமைப்பைப் படிப்படியாக மாற்றியே ஆக வேண்டும். அப்படிகளின் தடத்தைப் பின்னர் எல்ஆர்டைம்லாப்ஸ் போன்ற மென்பொருளால் சமன்செய்ய, சென்சார் பதிந்த தரவை முழுமையாகக் காக்கும் ரா கோப்பாக எடுத்திருப்பது இன்றியமையாதது. இருள் கூடக்கூட ஒளியேற்கும் நேரம் நீளும் என்பதால், அதுவும் படத்தை நினைவக அட்டையில் எழுதும் நேரமும் சேர்ந்து இடைவெளிக்குள் அடங்குமா என்பதை மாலையிலேயே கணக்கிட வேண்டும். அடங்காவிட்டால் இடையில் படங்கள் விடுபட்டுக் காட்சி குதிக்கும்.

நிழற்படக் கலைஞர் ஜேம்ஸ் பாலாக் 2007-இல் தொடங்கிய எக்ஸ்ட்ரீம் ஐஸ் சர்வே திட்டத்தில், பனியாறுகளின் அருகே நிறுவிய கேமராக்களின் நேரக்கட்டுப்பாட்டுக் கருவிகள் தொடக்கத்தில் பழுதாகி, அவற்றை மாற்றியமைக்க வேண்டியிருந்ததை 2012-இல் வெளிவந்த ‘சேசிங் ஐஸ்’ ஆவணப்படம் காட்டுகிறது. நெடுங்காலப் பதிவுக்கு மின்கலமும் நேரக்கருவியும் முன்கூட்டியே சோதிக்கப்பட வேண்டியவை.

சட்டக அளவும் கவனத்துக்குரியது. நிழற்படக் கேமராக்கள் பெரும்பாலும் 3:2 விகிதத்தில் பதிய, காணொளி 16:9 விகிதத்தில் அமைவதால், 6000-க்கு 4000 பிக்சல் கொண்ட படத்தில் மேலும் கீழுமாக 625 வரிசைகள் வெட்டுப்படும். ஆகவே கோபுர உச்சியையோ மலைமுகட்டையோ சட்டகத்தின் விளிம்பை ஒட்டி வைத்தல் கூடாது. எஞ்சும் அகலம் 4கே காணொளிக்குத் தேவையான 3840 பிக்சலைவிட மிகுதி என்பதால், காற்றில் டிரைபாட் சற்றே அசைந்திருந்தாலும் படத்தொகுப்பாளர் அதை நேர்செய்ய இடம் கிடைக்கும்.