அலுமாரித் திறப்பு யாரிடம் இருக்கிறது?

ஒக்டோபர் பிறந்தால் இலங்கைப் பாடசாலைகளில் வாசிப்பு களைகட்டிவிடும். அது தேசிய வாசிப்பு மாதம். மட்டக்களப்பிலும் பதாகை கட்டுவார்கள், கட்டுரைப் போட்டி நடக்கும், காலைக் கூட்டத்தில் வாசிப்பின் மகத்துவத்தைப் பற்றி ஒரு பிள்ளை மனனம் செய்து பேசும், சான்றிதழும் கிடைக்கும். இத்தனை அமளிக்குள் அந்தப் பிள்ளையின் கையில் ஒரு கதைப் புத்தகம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்பவர்கள் குறைவு.

சிறிய பாடசாலைகளில் நூலகம் என்பது பெரும்பாலும் கண்ணாடிக் கதவு போட்ட இரண்டு அலுமாரிகள்தான். மேல்தட்டில் யாரோ நன்கொடையாகக் கொடுத்த ஆங்கிலக் கலைக்களஞ்சியம், நடுத்தட்டில் பழைய பாடநூல்கள், அடித்தட்டில் குழந்தைக் கதைகள். திறப்பு அதிபரின் லாச்சிக்குள். ஒரு கதைப் புத்தகத்தை எடுத்துப் பின்னட்டையைத் திருப்பினால், இரவல் திகதி குத்துவதற்காக ஒட்டிய தாள் அநேகமாக வெறுமையாகவே இருக்கும். இதற்கு அதிபரை மட்டும் நோவதில் நியாயமில்லை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் பதிவேட்டில் ஓர் இலக்கம் உண்டு. இருப்புச் சரிபார்க்கும் நாளில் ஒன்று குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் பொறுப்பாசிரியர். பூட்டி வைத்தால் தொல்லையில்லை.

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் இந்தப் பூட்டின் கனம் ஒன்றல்ல. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி, 1929இல் விபுலாநந்த அடிகள் கல்லடியில் நிறுவிய சிவாநந்த வித்தியாலயம் போன்ற பெயர்பெற்ற பள்ளிகளெல்லாம் எழுவான்கரைப் பக்கம். மறுகரையில் வயலும் குளமும் சூழ்ந்த ஊர்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கம் போக ‘பாதை’ ஏற வேண்டியிருந்தது. வாவியைக் கடக்கும் மிதவைக்கு இங்கே அதுதான் பெயர். மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையிலும் நெடுங்காலமாக அந்தப் பயணம்தான். நகரத்துப் பிள்ளைக்குப் பாடசாலை நூலகம் பூட்டிக் கிடந்தாலும் பொது நூலகம் ஒன்று உண்டு, புத்தகக் கடை உண்டு. படுவான்கரையின் உட்கிராமத்துப் பிள்ளைக்கு அந்த இரண்டு அலுமாரிகளை விட்டால் வேறு போக்கிடம் அரிது.

விபுலாநந்தர் பிறந்த அதே 1892இல்தான் சீர்காழியில் எஸ். ஆர். ரங்கநாதனும் பிறந்தார். 1931இல் அடிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அதே ஆண்டில் ரங்கநாதனின் நூலக அறிவியல் விதிகள் ஐந்தும் புத்தகமாக வந்தன. புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பது அவற்றில் முதலாவது. அந்த ஒக்டோபரிலேயே மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டுவண்டியில் ஒரு நூலகம் ஊர் ஊராகப் புறப்பட்டது. வண்டி கட்டிக்கொண்டு வாசகரைத் தேடிப் போன காலம் அது. வாசகர்கள் வகுப்பறையிலேயே உட்கார்ந்திருக்கும்போது நாம் அலுமாரியைத் திறக்க யோசிக்கிறோம்.

திறந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று உண்டு. 1980களின் தொடக்கத்தில் வார்விக் எலி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இரு ஆய்வாளர்கள் பீஜித் தீவின் கிராமப் பள்ளிகளில், நாலாம் ஐந்தாம் வகுப்புகளுக்குப் படம் போட்ட ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் இருநூற்றைம்பதைக் கொடுத்தார்கள். நாள்தோறும் கொஞ்ச நேரம் வாசிப்பு. எட்டு மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் வாசிப்பும் கேட்டு விளங்கும் திறனும், வழமையான பாடம் படித்தவர்களைவிட இரு மடங்கு வேகத்தில் வளர்ந்திருந்தன. 1990களில் இலங்கையின் சிறு பாடசாலைகளிலும் எலி இதைச் செய்து பார்த்தார்; இங்கும் முன்னேற்றம் தெரிந்தது. அந்நிய மொழியிலேயே இப்படியென்றால், வீட்டில் பேசும் தமிழில் பலன் குறையக் காரணம் இல்லை.

பீஜியில் புத்தகங்களைக் கொட்டிவிட்டுப் போகவில்லை; ஆசிரியர் உரக்க வாசித்துக் காட்டினார். மட்டக்களப்புக்கு இது புதிதா என்ன? வைகாசிச் சடங்குக் காலத்தில் கண்ணகி அம்மன் கோவில்களில் கண்ணகி வழக்குரை பாடுகிறார்கள். புராணப் படிப்பில் ஒருவர் வாசிக்க, மற்றவர் பயன் சொல்வார். கேட்டுக் கேட்டுக் கதைக்குள் நுழையும் இந்தப் பழக்கம் வகுப்பறைக்குள் மட்டும் ஏனோ வரவில்லை. தரம் நான்கில் பத்து நிமிடம் ஒரு கதையை வாசித்து, நரி கிணற்றுக்குள் விழும் இடத்தில் நிறுத்தி, “மிச்சம் நாளைக்கு” என்று சொல்லி, புத்தகத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போகும் ஆசிரியருக்கு வாசிப்பின் மகத்துவம் பற்றிப் பேச வேண்டிய அவசியம் வராது. இடைவேளைக்குள் அந்தப் புத்தகத்துக்கு இழுபறி நடக்கும்.

அடுக்கும் முறையிலும் பிள்ளையின் கண் வேண்டும். டூயி தசமப் பகுப்பில் தமிழ் இலக்கியத்தின் எண் 894.811. பெரிய நூலகத்துக்கு அது தேவை. ஏழு வயதுப் பிள்ளைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் சிறு புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்தது. நாலு நிறக் கடதாசித் துண்டுகளை முதுகில் ஒட்டினால் எந்தப் பாடசாலையிலும் இதைச் செய்யலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: நிறம் பிள்ளையின் நெற்றியில் ஒட்டும் முத்திரை ஆகிவிடக்கூடாது. ‘நட’ வாசிக்கும் பிள்ளை ‘பற’ புத்தகத்தில் படம் பார்க்க ஆசைப்பட்டால் பார்க்கட்டும்.

அலுமாரிக்குள் என்ன இருக்க வேண்டும் என்ற கேள்விக்கும் பதில் கிட்டவே இருக்கிறது. இந்த மண்ணிலேயே ஓ. கே. குணநாதன் போன்று சிறுவருக்கென்றே எழுதுபவர்கள் இருக்கிறார்கள். 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்சிட உரிமம் உண்டு. 2005 முதல் இயங்கும் நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய நூல்களும் சஞ்சிகைகளும் கிடைக்கின்றன.

நேரம்தான் பெரிய சிக்கல். தரம் ஐந்து புலமைப்பரிசில் நெருங்கினால் நூலகப் பாடவேளையை மாதிரி வினாத்தாள் விழுங்கிவிடும். வினாவை வாசித்து விளங்காமல் புள்ளி தவறவிடும் பிள்ளைகளைப் பார்த்த பிறகும் இது தொடர்கிறது. ஆசிரிய நூலகர்களைப் பயிற்ற கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1999 முதல் தனி நிறுவனமே இருக்கிறது. ஆனாலும் சிறு பாடசாலையில் தமிழ் ஆசிரியரே நூலகத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கும். இரவல் கொப்பியைத் தரம் எட்டு, ஒன்பது மாணவரிடம் கொடுத்தால் ஆசிரியரின் சுமை பாதியாகும். பெயர், புத்தக இலக்கம், திகதி என்று மூன்று நிரல் போதும்.

டிசம்பர் விடுமுறைக்கு என்ன செய்வது? அது மாரி காலம். வாவி பெருகும், தாழ்வான ஊர்களில் வெள்ளம் வரும். பூட்டிய அலுமாரிக்குள் புத்தகம் பத்திரமாக இருக்கும் என்பதும் அரை உண்மைதான். ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், கறையான் ஏறும். பொலித்தீன் பையில் போட்டு ஆளுக்கு இரண்டு புத்தகமாகக் கொடுத்தனுப்பி, ஜனவரியில் பாடசாலை தொடங்கும் வாரம் திரும்ப வாங்கலாம். கிழிந்ததைத் தரம் எட்டுப் பிள்ளைகள் பசை பூசி ஒட்டுவார்கள். தொலைந்ததைப் பதிவேட்டிலிருந்து கழிக்க முறை இருக்கிறது. அதற்கான கையொப்பத்துக்காகப் பொறுப்பாசிரியரைக் குற்றவாளிபோல் நிற்க வைக்காமல் இருப்பது மேலதிகாரிகளின் வேலை.