புயலுக்கு முன் ரம்பத்தைப் பேணுவோம்

கருவியைப் பேணாதவனுக்குத் தொழில் கைகொடுப்பதில்லை. நெசவாளர் இதனை நன்கு அறிவர். ஓடத்தின் முனையில் கடுகளவு பிசிறு இருந்தாலும் பாவு இழைகள் அறுபடும். ஆகவே அதைத் தேய்த்து வழவழப்பாக்கிய பிறகே தறியில் அமர்வார்கள். உழவர்களும் அரிவாளைத் தீட்டாமல் வயலில் இறங்குவதில்லை. ஆனால் நமது தோப்புகளுக்குள் வந்து சேர்ந்துள்ள சங்கிலி ரம்பத்தின் விஷயத்தில் மட்டும் இந்த நல்வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. பெட்ரோல் ஊற்றிக் கயிற்றை இழுத்தால் ஓடும், ஓடாவிட்டால் பழுது பார்ப்பவரிடம் கொடுக்கலாம் என்ற எண்ணமே பலரிடம் இருக்கிறது. இதனால் விளையும் நஷ்டத்தையும் அதைத் தவிர்க்கும் வழியையும் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

புயல் கற்பித்த பாடம்

2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் வேரோடு சாய்ந்தன. பல நடுவில் முறிந்தன. சாய்ந்த மரத்தை அப்புறப்படுத்துவது புதுக் கன்று நடுவதற்காக மட்டும் அன்று. அழுகும் தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். பின்னர் அது, புயலுக்குத் தப்பி நிற்கும் மரங்களின் குருத்தையும் புதுக் கன்றுகளையும் துளைத்து அழிக்கும். புயல் விட்டுவைத்ததை வண்டு விட்டுவைக்காது.

ஆகவே புயலுக்கு மறுநாளே ரம்பம் ஓடியாக வேண்டும். அன்றோ கடைகள் மூடியிருக்கும், மின்சாரம் இராது, சாலைகளை மரங்கள் அடைத்துக்கொண்டிருக்கும். பழுது பார்ப்பவரைத் தேடிப் போவது எங்ஙனம்? நெடுநாள் மூலையில் கிடந்த ரம்பம் அன்று கிளம்ப மறுக்குமாயின், அதை வாங்கியதன் பயன்தான் என்ன?

பல்லே பிரதானம்

ரம்பத்தின் உயிர் அதன் பல்லில் இருக்கிறது. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழில் செய்துவந்த ஜோசப் காக்ஸ் என்பவர், 1946-ல் ஒரு மரக்கட்டையில் வண்டுப் புழு ஒன்று இடமும் வலமுமாக மாறி மாறிக் கடித்து முன்னேறுவதைக் கண்டார். அதைப் பின்பற்றி அவர் அமைத்த சங்கிலியின் முறையே இன்றும் வழக்கில் உள்ளது. ஒரு பல் இடப்பக்கம் வெட்டும். அடுத்தது வலப்பக்கம் வெட்டும். இரு பக்கத்துப் பற்களும் ஒரே நீளத்தில் இருந்தால்தான் ரம்பம் நேராக இறங்கும். வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போனால், பெரும்பாலும் ஒரு பக்கத்துப் பற்கள் தேய்ந்துவிட்டன என்று அறியலாம்.

பல் மழுங்கியதைக் கண்டுபிடிப்பது எளிது. கூரிய பல் மரத்தைச் சீவல் சீவலாகத் தள்ளும். மழுங்கிய பல் மாவாகத் தள்ளும். கூரிய ரம்பம் தன் எடையாலேயே மரத்தில் இறங்கும். மழுங்கியதை நாம் அழுத்த வேண்டியிருக்கும். அழுத்த அழுத்தப் பெட்ரோல் செலவும் எஞ்சின் சூடும் கைவலியும் ஏறும். தென்னையின் வெளிப்பகுதி மிகக் கடினமாதலால் பல் விரைவில் மழுங்கும். தரையில் கிடக்கும் தண்டை அறுக்கையில் சங்கிலி ஒரு கணம் மண்ணைத் தொட்டாலே கூர் போய்விடும். ஆகவே தண்டின் அடியில் கட்டை கொடுத்து உயர்த்தி, மேலே படிந்த மணலைத் துடைத்துவிட்டு அறுப்பது நலம்.

தீட்டுவதற்கு உருண்டை அரம் வேண்டும். சங்கிலியின் அளவுக்கு ஏற்ப அரத்தின் பருமன் மாறும். சிறு ரம்பங்களுக்கு 4 மில்லிமீட்டரும், நடுத்தர ரம்பங்களுக்கு 4.8 அல்லது 5.2 மில்லிமீட்டரும் பொதுவாகப் பொருந்தும். முதலில் எஞ்சினை நிறுத்தி, அலகை அசையாமல் இறுக்கிக்கொள்க. பெரும்பாலான சங்கிலிகளில் பல்லின் மேல்விளிம்பு 30 பாகைச் சாய்வில் இருக்கும்; அச்சாய்வு கெடாமல், பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக அரத்தைத் தள்ளுக. பின்னுக்கு இழுக்கும்போது அரம் பல்லில் படலாகாது. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தள்ளினால் நீளம் ஒத்திருக்கும்.

ஒவ்வொரு பல்லின் முன்னும் ஒரு சிறு மேடு உண்டு. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று வரையறுப்பது அதுவே. பல்லின் உச்சியைவிட அது ஏறத்தாழ 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பது வழக்கம். பல்லைத் தீட்டத் தீட்ட உச்சி தாழ்வதால், இடையிடையே மேட்டையும் தட்டை அரத்தால் அளவுபார்த்துத் தேய்க்க வேண்டும். வேகமாக அறுக்கும் ஆசையில் அதை மிகுதியாகத் தேய்ப்பது ஆபத்து. பல் அளவுக்கு மீறிக் கடித்து, ரம்பம் துள்ளும்.

எண்ணெயும் பெட்ரோலும்

இந்த எஞ்சினுக்குத் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலில் கலந்த எண்ணெய்தான் பிஸ்டனைக் காக்கிறது. வெறும் பெட்ரோல் ஊற்றினால் பிஸ்டன் கீறல் விழுந்து இறுகிப்போகும். அதன்பின் செய்யும் செலவு புது யந்திரத்தின் விலையை எட்டக்கூடும். பல ரம்பங்களுக்கு 50-க்கு 1 என்ற விகிதம், அதாவது 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர் டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் விதிக்கப்பட்டுள்ளது. சில எண்ணெய்களுக்கு 40 மில்லிலிட்டர் வேண்டும். கையேட்டில் உள்ளதே முடிவு. கண்மட்டத்தில் ஊற்றுவது கூடாது.

நமது நாட்டில் 2025 முதல் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் சேர்க்கப்படுகிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. நாட்பட்ட கலவை கார்புரேட்டரையும் ரப்பர்க் குழாய்களையும் கெடுக்கும். ஆகவே வேலைக்கு வேண்டிய அளவே கலந்து, ஒரு மாதத்திற்குள் செலவழித்துவிடுக.

சங்கிலிக்கு ஊற்றும் எண்ணெய் வேறு. பெட்ரோல் நிரப்பும்போதெல்லாம் இதையும் நிரப்புக. வண்டியில் இருந்து வடித்த கழிவெண்ணெயைச் சிக்கனம் கருதி ஊற்றுவோர் உண்டு. அதிலுள்ள உலோகத்துகளும் அழுக்கும் எண்ணெய்ப் பம்பைக் கெடுப்பதோடு, உடலில் படும்போது கேட்டையும் விளைவிக்கும். எண்ணெய் பாய்கிறதா என்று பார்க்க, ஓடும் ரம்பத்தின் நுனியை ஒரு வெளிறிய கட்டைக்கு எதிரே சற்றுத் தள்ளிப் பிடித்தால், கட்டையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும்.

நாள்தோறும் கால்மணி நேரம்

வேலை முடிந்ததும் காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டித் துடைக்க வேண்டும். அது அடைபட்டால் வலு குறையும், கரும்புகை வரும். சிலிண்டரைச் சுற்றியுள்ள இடுக்குகளில் மரத்தூள் அடைந்தால் எஞ்சின் ஆறாது; அதையும் நீக்குக. சங்கிலி சுற்றியோடும் நீண்ட அலகை வேலையாட்கள் பார் என்பர். அதன் பள்ளத்தையும் எண்ணெய்த் துளையையும் சுரண்டிச் சுத்தம் செய்து, ஒரே விளிம்பு தேயாதபடி அவ்வப்போது தலைகீழாகத் திருப்பி மாட்டுக.

சங்கிலியின் இறுக்கத்தையும் கவனிக்க வேண்டும். கையுறையணிந்து இழுத்தால் தடையின்றி நகர வேண்டும். ஆனால் அலகின் அடியில் தொங்கலாகாது. வேலையில் சூடேறி நீளும் சங்கிலியை அப்போது இறுக்கியிருந்தால், வேலை முடிந்ததும் மறவாமல் தளர்த்துக. இல்லையேல் ஆறும்போது அது சுருங்கி எஞ்சின் தண்டையும் பேரிங்கையும் வருத்தும்.

ஸ்பார்க் பிளக்கின் முனைகளுக்கு இடையே பெரும்பாலும் 0.5 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். சுமார் 100 மணி நேர வேலைக்குப் பின் புதிது போடுக. கார்புரேட்டர் திருகுகளையும் கிளட்சையும் பிரேக்கையும் பிரித்துப் பார்க்கும் வேலையைத் தேர்ந்தவரிடம் விடுவதே முறை.

ஒரு மாதத்திற்கு மேல் வேலை இராது என்று தெரிந்தால், தொட்டியைக் காலி செய்து, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓட விடுக. கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கிக் காய்ந்தால் உள்ளிருக்கும் மெல்லிய சவ்வுகள் ஒட்டிக்கொள்ளும். புயல் நாளில் ரம்பம் கிளம்பாமைக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உயிரைக் காக்கும் பிரேக்

அலகு நுனியின் மேற்பகுதி மரத்தில் பட்டால் ரம்பம் கண்ணிமைப்பதற்குள் துள்ளி, பிடித்திருப்பவரின் முகத்தை நோக்கி வரும். அப்போது காப்பது முன்கைக் காப்போடு சேர்ந்த சங்கிலி பிரேக்கே. நாள்தோறும் தொடங்குமுன் அது பிடிக்கிறதா என்று சோதிக்க வேண்டும். விசையை விட்ட பின்னும் சங்கிலி ஓடிக்கொண்டிருந்தால் அந்த யந்திரத்தை வேலைக்கு எடுக்கலாகாது. தலைக்கவசம், கண்காப்பு, காதடைப்பு, கையுறை, வெட்டுத் தாங்கும் காலுறை ஆகியவற்றை ரம்பத்தின் அங்கங்களாகவே கருதி வாங்குக.

பொதுப்பொருளுக்கு ஒரு பொறுப்பாளர்

தனியொருவரின் ரம்பத்தைவிடச் சங்கத்தின் ரம்பம் விரைவில் கெடுவதற்குக் காரணம் யந்திரமன்று. எடுத்துச் செல்பவர் பலர். தீட்டுபவர் எவருமிலர் என்ற நிலைமையே காரணம். ரம்பத்தை வாடகைக்கு விடும் சங்கம், அதற்கென ஒருவரைப் பொறுப்பாக்கி, அவருக்குப் பயிற்சியும் சிறு ஊதியமும் அளிக்க வேண்டும். ஒரு குறிப்பேடு வைத்து, எடுத்த நாள், ஓடிய மணி, தீட்டிய தேதி, கண்ட பழுது ஆகியவற்றை எழுதி வரவேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசி மாதத்திலேயே ஒருமுறை ரம்பத்தைக் கிளப்பி ஒரு கட்டையை அறுத்துப் பார்த்து, உபரிச் சங்கிலி ஒன்றும் அரங்கள் இரண்டும் பிளக் ஒன்றும் கைவசம் இருக்கின்றனவா என்று நிர்வாகிகள் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

புயலைத் தடுக்க நம்மால் இயலாது. ஆனால் அது கடந்த மறுநாள் காலையில், முதல் இழுப்பிலோ இரண்டாம் இழுப்பிலோ ரம்பம் கிளம்புமாறு வைத்திருப்பது நம் கையில்தான் இருக்கிறது. அடுத்த மாதக் கூட்டத்திலேயே அங்கத்தினர்கள் தம் சங்கத்து ரம்பத்தை வெளியே எடுத்து அதன் பல்லைப் பார்ப்பார்களாக.