பல்லாண்டு இடைவெளிக்குப் பின் ஒரு நேர்காணல்

ஒரே நிறுவனத்தில் பதினைந்து, இருபது ஆண்டுகள் வேலை பார்த்தவர் மறுபடியும் நேர்காணலுக்குப் போக வேண்டிய நிலை எப்போதும் அவர் விருப்பத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் இயங்கிவந்த நோக்கியா கைபேசி ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியபோதும், மறைமலைநகர் ஃபோர்டு ஆலையிலிருந்து 2022 ஜூலையில் கடைசிக் கார் வெளிவந்தபோதும், தொழிலில் கைதேர்ந்திருந்தும் நேர்காணல் என்பதையே மறந்துபோயிருந்த பலர் ஒரே சமயத்தில் வேலை தேடத் தொடங்கினர். பிள்ளை வளர்ப்புக்காகவோ பெற்றோரின் உடல்நிலைக்காகவோ வேலையை விட்டு, சில ஆண்டுகள் கழித்துத் திரும்பிவரும் பெண்களின் நிலையும் இதற்கு நெருக்கமானதே. இத்தகையோர் புதிய மென்பொருளையோ புதிய இயந்திரத்தையோ கற்றுக்கொள்வதிலிருந்துதான் பெரும்பாலும் தயாரிப்பைத் தொடங்குகின்றனர். அது தேவைதான் என்றாலும், அவர்கள் தடுமாறும் இடம் வேறு.

2000-ஆம் ஆண்டையொட்டி வேலைக்குச் சேர்ந்தவருக்கு நேர்காணல் என்றால் சான்றிதழ்க் கோப்பு, பாடத்திலிருந்து நாலைந்து கேள்விகள், தகப்பனார் என்ன செய்கிறார் என்ற விசாரணை, கேட்பவரின் மனநிலைக்கேற்ப நீளவோ சுருங்கவோ செய்த ஓர் உரையாடல் என்றே நினைவில் நிற்கும். இன்று பெரிய நிறுவனங்கள் பலவும் கட்டமைக்கப்பட்ட நேர்காணல் என்ற முறைக்கு வந்துவிட்டன. அதாவது, பணிக்கு வேண்டிய திறன்கள் எவையென முன்கூட்டியே முடிவுசெய்து, வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் ஓர் அளவுகோலின்படி மதிப்பெண் இடுவது. அமெரிக்க உளவியலாளர்களான ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், பிற்காலப் பணித்திறனை முன்னறியும் ஆற்றலில், முழுப் பொருத்தத்தை 1 எனக் கொண்டால், கட்டமைக்கப்பட்ட நேர்காணலுக்கு 0.51, மனம்போனபடி நடக்கும் நேர்காணலுக்கு 0.38 என்ற மதிப்புகள் கிடைத்தன. 2022-இல் பால் சாக்கெட் குழுவினர் இக்கணக்கைத் திருத்தியபோது இரண்டு மதிப்புகளும் இறங்கின, ஆனால் இடைவெளி இன்னும் கூடியது. இந்தியாவில் மத்திய அரசு வேறு வழியில் போய், 2016 ஜனவரி முதல் 'சி' பிரிவுப் பணிகளுக்கும் அரசிதழ் பதிவு பெறாத 'பி' பிரிவுப் பணிகளுக்கும் நேர்காணலையே எடுத்துவிட்டது.

கட்டமைக்கப்பட்ட நேர்காணலில் முதலிடம் பெறுவது நிகழ்ச்சிக் கேள்வி. இதன் வேர் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க விமானப்படையினரைத் தேர்ந்தெடுத்த பணியில் இருக்கிறது. அப்பணியில் ஈடுபட்டிருந்த ஜான் ஃபிளானகன், ஒருவர் திறமைசாலியா என்று பொதுப்படக் கேட்பதைவிட, அவர் சிறப்பாகவோ தவறாகவோ நடந்துகொண்ட குறிப்பிட்ட நிகழ்ச்சிகளைத் திரட்டுவதே பயன் தரும் என்பதை 1954-இல் ஒரு கட்டுரையாக விளக்கினார். "நெருக்கடியை எப்படிச் சமாளிப்பீர்கள்?" என்ற பழைய கேள்வி, "நெருக்கடியைச் சமாளித்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்" என்று மாறியிருப்பதன் காரணம் இதுதான். பதிலில் எதிர்பார்க்கப்படுபவை சூழல், தமக்கிருந்த பொறுப்பு, தாம் செய்த செயல், அதன் விளைவு ஆகிய நான்கு. இவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஸ்டார்' முறை என்று இதை அழைக்கின்றனர்.

அனுபவசாலியை இந்தக் கேள்வி மாட்டிவிடுகிறது. நீண்ட அனுபவம் பழக்கமாக இறுகிவிடுவதால், புதிதாக வந்தவருக்குப் பெரிய சம்பவமாகத் தெரிவது அவருக்கு வழக்கமான ஒரு செவ்வாய்க்கிழமையாகிவிடுகிறது. ஒரகடம் பகுதியில் கார் உதிரிபாக ஆலை ஒன்றில் பதினெட்டு ஆண்டுகள் ஷிப்ட் பொறுப்பாளராக இருந்த ஒருவரிடம், மேலதிகாரியோடு கருத்து வேறுபட்ட ஒரு சந்தர்ப்பம் கேட்கப்படுவதாக வைத்துக்கொள்ளலாம். "அப்படிப் பெருசா ஒண்ணும் வந்ததில்ல சார், எல்லாரும் அனுசரிச்சுத்தான் போவோம்" என்று அவர் சொன்னால், அது நல்ல மனிதரின் பதில்தான். ஆனால் மதிப்பெண் தாளில் எழுதுவதற்கு அதில் ஒன்றுமில்லை. அதே மனிதர் ஓர் இரவு, விடியற்காலை லாரியில் ஏற்ற வேண்டிய சரக்கில் பிசிறு இருப்பதைப் பார்த்திருப்பார். இப்போதைக்கு அனுப்பிவிடு என்று மேலாளர் தொலைபேசியில் சொல்லியிருப்பார். இவரோ ஆட்களை வைத்து நல்ல பாகங்களைப் பொறுக்கி அவற்றை மட்டும் ஏற்றி, மீதிக்கு அரைநாள் அவகாசம் கேட்கலாம் என்று மேலாளரை இணங்கவைத்து, தேய்ந்துபோன டையை அன்றிரவே மாற்றச் செய்திருப்பார். கேட்டவர்கள் எதிர்பார்த்தது இதைத்தான்.

ஆகவே தயாரிப்பின் பெரும்பகுதி இத்தகைய நிகழ்ச்சிகளை மீட்டெடுப்பதில் செலவிடத் தக்கது. வெறுமனே உட்கார்ந்து யோசித்தால் அவை வருவதில்லை. பழைய நாட்குறிப்புகள், ஆண்டு மதிப்பீட்டுப் படிவங்கள், தம்மிடமுள்ள பாராட்டுக் கடிதங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக உடன் வேலை பார்த்த ஒருவரோடு ஒருமணி நேரப் பேச்சு ஆகியவையே அவற்றைக் கிளறிவிடும். எட்டுப் பத்து நிகழ்ச்சிகள் திரண்டால் போதும், ஏனெனில் ஒரே நிகழ்ச்சி நெருக்கடி, கருத்து வேறுபாடு, தரம் எனப் பல கேள்விகளுக்கு வெவ்வேறு கோணத்தில் பயன்படும். அவற்றில் தோல்வியில் முடிந்த ஒன்றாவது இருக்க வேண்டும்; அது கட்டாயம் கேட்கப்படும். எழுதி மனப்பாடம் செய்வதைவிட, இரண்டு நிமிடத்துக்குள் வாய்விட்டுச் சொல்லிப் பழகுவதே நல்லது. முதல் தடவை சொல்லும்போது சூழலை விளக்குவதிலேயே நேரம் முழுவதும் கரைந்துவிடுவதைப் பலரும் காண்பர். இன்னொரு தடை அடக்கம். எல்லாவற்றையும் 'நாங்கள் செய்தோம்' என்று சொல்லும் பழக்கத்தில் விண்ணப்பதாரரின் பங்கு மறைந்துபோகிறது. குழுவின் உழைப்பை ஒப்புக்கொண்டுவிட்டுத் தம் கையால் நடந்தது எது என்று பிரித்துச் சொல்வது தற்பெருமையாகாது.

இடைவெளியைப் பற்றிய கேள்விக்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, இப்போது என்ன கற்றுக்கொண்டிருக்கிறார் என்பதற்கு நகர்வதே போதுமானது. டாடா குழுமம் 2008-இல் தொடங்கிய இரண்டாம் பணிவாழ்வுப் பயிற்சித் திட்டம் போன்றவை இடைவெளி விட்ட பெண்களுக்கென்றே வகுக்கப்பட்டவை என்பதையும் நினைவில் கொள்ளலாம். எதிரில் அமர்ந்திருப்பவர் பதினைந்து வயது இளையவராக இருக்கக்கூடும். "அந்தக் காலத்தில்" என்று தொடங்கும் வாக்கியங்களை அவர் முன் தவிர்ப்பது நலம். காணொளி நேர்காணலாயின் கேமராவையும் ஒலியையும் முந்தைய நாளே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆவணங்களில் கவனம் வேண்டும். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரே நிலையான எண்ணைத் தரும் யு.ஏ.என். முறை 2014-இல்தான் வந்தது. அதற்கு முன் நிறுவனம் மாறியவர்களின் பழைய கணக்குகள் இணைக்கப்படாமலே கிடப்பதுண்டு. பின்னணிச் சரிபார்ப்பு செய்பவர்கள் இந்தக் கணக்கிலுள்ள சேர்ந்த தேதி, விலகிய தேதி ஆகியவற்றை விண்ணப்பத்தோடு ஒப்பிடுவதால், அங்கே உள்ளபடியே தேதிகளை எழுதுவது தேவையற்ற சந்தேகத்தைத் தவிர்க்கும். பிழை இருந்தால் நேர்காணலுக்கு முன்பே திருத்த முயல வேண்டும். மூடப்பட்ட நிறுவனத்திலிருந்து ரிலீவிங் லெட்டர் எனப்படும் விடுவிப்புக் கடிதம் வாங்குவது கடினமாதலால், பழைய சம்பளச் சீட்டுகளையும் படிவம் 16-ஐயும் பத்திரமாக வைத்திருப்பவர் பிழைத்தார்.

கடைசியில் மனிதவளத் துறையினரோடு சம்பளப் பேச்சு வரும்போது, கையில் வாங்கிய தொகையை மட்டுமே கணக்காக வைத்திருப்பவர் ஏமாறுவார். இன்று பேசப்படுவது சி.டி.சி., அதாவது ஓர் ஊழியருக்காக நிறுவனம் ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை. அடிப்படைச் சம்பளம் மாதம் 40,000 ரூபாய் என்றால், நிறுவனம் செலுத்தும் 12 விழுக்காடு வைப்பு நிதி 4,800 ரூபாயும், பணிக்கொடைக்காக ஒதுக்கப்படும் ஏறத்தாழ 4.81 விழுக்காடு, அதாவது 1,920 ரூபாய்க்குச் சற்று மேலும், இந்த மொத்தத்துக்குள்ளேயே அடங்கிவிடலாம். ஊழியரின் பங்காக இன்னொரு 4,800 ரூபாய் பிடிக்கப்படும். சில நிறுவனங்கள் வைப்பு நிதியைச் சட்டத்தின் 15,000 ரூபாய் வரம்புக்கு மட்டும் கணக்கிட்டு 1,800 ரூபாயோடு நிறுத்திக்கொள்கின்றன. ஆண்டு முடிவில், அதுவும் நிறுவனத்தின் லாபத்தைப் பொறுத்து, தரப்படும் ஊக்கத்தொகையையும் இதே எண்ணுக்குள் சேர்த்துவிடுவதுண்டு. இவற்றைப் பிரித்துக் காட்டும் சம்பள விவரத் தாளை, ஒப்புதல் சொல்வதற்கு முன் கேட்டு வாங்கிப் பார்ப்பது விண்ணப்பதாரரின் உரிமை; அப்படிக் கேட்டதற்காக நல்ல நிறுவனம் எதுவும் வேலையைத் திரும்பப் பெறுவதில்லை.