எந்தக் காமிரா வாங்கலாம்? - ஓர் ஒப்பீடு

கோடை விடுமுறைக்கு ஊருக்கு டிக்கெட் எடுத்ததும் நம் சங்க அன்பர்களில் யாராவது ஒருவர் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார். "செல்போனில் எடுத்தது போதும், இந்தத் தடவை நல்லதாக ஒரு காமிரா வாங்கலாம் என்று இருக்கிறோம். லென்ஸ் மாற்றுகிற மிரர்லெஸ் வாங்குவதா, பாக்கெட்டில் போட்டுக்கொள்ளும் 40 மடங்கு ஜூம் காமிரா வாங்குவதா?"

ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரி எல்லாக் குடும்பத்துக்கும் பொருந்தாது. காமிரா என்பது பத்து வருஷத்துக்கு ஒரு முறை வாங்குகிற பொருள். அதிலும் மும்பையில் இருக்கும் நமக்கு, ஊரில் உள்ள பெரியவர்களைப் பார்ப்பது வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோதான். கொள்ளுப்பாட்டியின் முகத்தை நம் குழந்தைகள் பின்னாளில் நினைவு வைத்திருக்கப்போவது பெரும்பாலும் படத்தின் வழியாகத்தான். அந்தப் படம் மங்கலாக வந்துவிட்டால் அடுத்த வருஷம் மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே இந்த இரண்டு வகைக் காமிராக்களும் எப்படி வேலை செய்கின்றன, எது எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே பார்ப்போம்.

ஒப்பிடுவதற்கு இரண்டு மாதிரிகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, 2023-ல் வந்த கேனன் ஈஓஎஸ் ஆர்50 என்ற ஆரம்பநிலை மிரர்லெஸ். மற்றது, 2018-ல் வந்த கேனன் பவர்ஷாட் எஸ்எக்ஸ்740 எச்எஸ் என்ற சிறிய ஜூம் காமிரா. இரண்டும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்பு என்பதால் ஒப்பிடுவது சுலபம். நீங்கள் கடைக்குப் போகும்போது வேறு மாதிரிகளைக் காட்டினாலும் கீழே வரும் கணக்கு பெரிதாக மாறாது. சோனி, நிக்கான் மிரர்லெஸ்களுக்கும், 2025-ல் வந்த பானசோனிக் டிஇசட்99 போன்ற ஜூம் காமிராக்களுக்கும் இதே நியாயம்தான்.

மிரர்லெஸ் என்றால் என்ன?

பழைய எஸ்.எல்.ஆர். காமிராவில் லென்ஸுக்குப் பின்னால் சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியே வரும் ஒளியை அது மேலே திருப்பி, நாம் கண் வைத்துப் பார்க்கும் துவாரத்துக்கு அனுப்பும். பொத்தானை அமுக்கினால் கண்ணாடி 'டப்' என்று மேலே போகும். ஒளி ஃபிலிமில் விழும். ஃபிலிமின் இடத்துக்கு மின்னணு சென்சார் வந்த பிறகும் பல வருஷங்கள் கண்ணாடி நீடித்தது. சென்சார் பார்ப்பதையே சிறு திரையில் காட்டிவிடலாம், கண்ணாடி எதற்கு என்று அதை நீக்கியதுதான் மிரர்லெஸ். லென்ஸ் மாற்றக்கூடிய இந்த வகையில் பானசோனிக் ஜி1 என்ற காமிரா 2008-ல் முதலில் வந்தது. கண்ணாடி போனதால் உடம்பு சிறுத்தது, எடையும் குறைந்தது. ஆர்50 பேட்டரியோடு 375 கிராம்தான். கூட வரும் 18-45 மி.மீ. லென்ஸ் 130 கிராம். ஆக மொத்தம் அரைக் கிலோ. எஸ்எக்ஸ்740 சுமார் 300 கிராம்.

எடையில் பெரிய வித்தியாசம் இல்லையே, லென்ஸும் பெரிதாக நீள்கிறதே, 40 மடங்கையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சென்சாரின் அளவைப் பார்க்க வேண்டும்.

சென்சார் என்னும் பாத்திரம்

மழைநீரைப் பிடிக்க முற்றத்தில் பாத்திரம் வைக்கிறோம். அகலமான அண்டாவில் அதிகம் நிறையும், டம்ளரில் கொஞ்சம்தான் விழும். சென்சாரும் அப்படித்தான். ஆர்50-ன் சென்சார் 22.3 x 14.9 மி.மீ. எஸ்எக்ஸ்740-ன் சென்சார் ஏறத்தாழ 6.2 x 4.6 மி.மீ. பரப்பளவைப் பெருக்கிப் பார்த்தால் முதலாவது கிட்டத்தட்ட 12 மடங்கு பெரியது.

விளம்பரத்தில் இந்தச் சிறிய சென்சாரை '1/2.3 அங்குலம்' என்று குறிப்பிடுவார்கள். அங்குலக் கணக்குப்படி அது 11 மி.மீ. ஆக வேண்டும். ஆனால் மூலைக்கு மூலை அளந்தால் 7.7 மி.மீ.தான் இருக்கும். பழைய டெலிவிஷன் காமிராக் குழாய்களின் வெளிவட்ட அளவை வைத்துப் பேசிய வழக்கம் இன்றுவரை தொடர்கிறது. எனவே அந்த எண்ணைப் பார்த்து ஏமாறாமல், மி.மீ. அளவைக் கேளுங்கள்.

சிறிய சென்சாரால் ஒரு பெரிய லாபமும் உண்டு. எஸ்எக்ஸ்740-ன் லென்ஸ் உண்மையில் 4.3 முதல் 172 மி.மீ. வரைதான் நீள்கிறது. சென்சார் சிறியது என்பதால் அது பழைய 35 மி.மீ. ஃபிலிம் காமிராவில் 24 முதல் 960 மி.மீ. லென்ஸ் காட்டும் காட்சியைக் காட்டுகிறது. இதே 960-ஐ ஆர்50-ல் கொண்டுவர 600 மி.மீ. லென்ஸ் வேண்டும். அதைச் சட்டைப்பையில் வைக்க முடியாது. ஜூம் காமிரா இவ்வளவு சிறிதாக இருப்பதன் ரகசியம் இதுதான். சிறிய சென்சார் அதன் குறை மட்டுமல்ல, அதன் பலமும் அதுவே.

தூரக் கணக்கு

ஜூம் எண்களை வைத்து ஒரு எளிய கணக்குப் போடலாம். 100 மீட்டர் தொலைவில் ஒரு கோபுரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆர்50-ன் கூடவரும் லென்ஸை முழுதும் நீட்டினால் ஃபிலிம் கணக்கில் 72 மி.மீ. அப்போது படத்தில் 50 மீட்டர் அகலம் அடங்கும். அதாவது கோபுரம் முழுசும் தெரியும். எஸ்எக்ஸ்740-ஐ 960 மி.மீ.க்கு நீட்டினால் 4 மீட்டருக்கும் குறைவான அகலமே அடங்கும். ஒரே ஒரு சுதைச் சிற்பம் படம் முழுக்க நிறையும்.

1987-ல் கட்டி முடிக்கப்பட்ட ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி உயரம். அதன் மேல்நிலைப் பொம்மைகளைத் தெருவில் நின்றே குழந்தைக்குக் காட்ட ஜூம் காமிராவைப் போல வேறொன்றில்லை. இங்கே தானே கழிமுகத்துக்கு வரும் பூநாரைக் கூட்டங்களும் அப்படியே. காலை வெயிலில் படகிலிருந்தோ கரையிலிருந்தோ எடுத்தால் இளஞ்சிவப்புச் சிறகு வரை தெரியும். கவனியுங்கள், நான் சொன்ன இரண்டு உதாரணங்களும் நல்ல வெயிலில்!

வெயில் இருந்தாலும் ஒரு வரம்பு உண்டு. முழு ஜூமில் அந்த லென்ஸின் துவாரம் எஃப் 6.9. ஒளி சிறிய துவாரத்தில் நுழையும்போது சற்றுப் பரவும். புள்ளியாக விழ வேண்டியது சிறு வட்டமாக விழும். எஃப் 6.9-ல் அந்த வட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்பது பங்கு. இந்தச் சென்சாரின் ஒரு பிக்சலோ ஆயிரத்தில் ஒன்றே கால் பங்குகூட இல்லை. ஒரு வட்டம் ஏழெட்டுப் பிக்சல் அகலத்துக்குப் பரவினால், பெட்டியில் அச்சிட்ட 20 மெகாபிக்சல் நுணுக்கம் எங்கிருந்து வரும்? படம் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பெரிதாக்கினால் இழையும். இது இயற்கையின் விதி, தயாரிப்பாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. 'டிஜிட்டல் ஜூம்' என்று கூடுதலாகப் போட்டிருக்கும் எண்ணைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான் அது.

அரங்கேற்றம்

இப்போது விளக்கை அணைப்போம். மாட்டுங்காவுக்குப் பக்கத்தில் உள்ள ஷண்முகானந்தா அரங்கில் 2,700-க்கும் மேற்பட்ட இருக்கைகள். அப்படி ஒரு பெரிய அரங்கில் உங்கள் பெண் ஆடுகிறாள், நீங்கள் மேடையிலிருந்து 25 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆர்50-ன் கூடவரும் லென்ஸில் 12 மீட்டர் அகல மேடையும், நடுவில் சிறிதாகக் குழந்தையும் தெரியும். முகபாவம் தெரியாது. ஜூம் காமிராவில் முகமே நிறையும். ஆனால் ஒளி போதாது. நடன அசைவை உறைய வைக்கக் குறைந்தது 1/250 வினாடி வேண்டும். அந்த வேகத்தில் சிறிய சென்சாருக்குக் கிடைக்கும் ஒளி அற்பம். காமிரா அதைச் செயற்கையாகப் பெருக்கும், படம் எங்கும் புள்ளிப் புள்ளியாக இரைச்சல் நிறையும். அதைத் துடைக்கக் காமிராவே முயலும்போது கண்மை, ஜிமிக்கி, பட்டுச்சரிகை எல்லாம் சேர்ந்து கரைந்துவிடும். 'ஸ்டெபிலைஸர்' இருக்கிறதே என்பார் கடைக்காரர். அது நம் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும். ஆடுகிற குழந்தையின் அசைவை அது ஒன்றும் செய்யாது. ஃபிளாஷ் சில மீட்டருக்கு மேல் எட்டாது, ஆடுகிறவருக்கும் தொந்தரவு.

இந்த இடத்தில் மிரர்லெஸ்ஸுக்கு 55-210 மி.மீ. என்ற இரண்டாவது லென்ஸ் வேண்டும். எடை 270 கிராம். அதை முழுதும் நீட்டினால் 25 மீட்டரில் 1.8 மீட்டர் உயரம் அடங்கும். ஆடும் குழந்தை தலை முதல் பாதம் வரை சரியாக அமையும். துவாரம் எஃப் 7.1 என்று சிறியதுதான். ஆனாலும் சென்சார் 12 மடங்கு பெரியது என்பதால், அதே காட்சிக்கு ஜூம் காமிரா சேர்ப்பதைப்போல எட்டு மடங்கு ஒளி சேர்கிறது. அதோடு, சென்சாரிலேயே அமைந்த ஃபோகஸ் முறை கண்ணைக் கண்டுபிடித்துப் பின்தொடரும். எஸ்எக்ஸ்740 முன்னும் பின்னும் தேடித்தான் ஃபோகஸ் செய்யும். அந்தத் தேடலுக்குள் முத்திரை மாறிவிடும். சத்தமில்லாத ஷட்டர் கச்சேரிக்கு நல்லது. ஆனால் சில எல்.இ.டி. விளக்குகளின் கீழ் படத்தில் பட்டை பட்டையாக விழும். முதலில் ஒன்றிரண்டு எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யானையும் அங்குசமும்

மிரர்லெஸ் வாங்கும் பலர் கூடவரும் லென்ஸோடு நிறுத்திவிடுகிறார்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசித்த கதைதான். அந்த லென்ஸின் துவாரம் நீட்டிய நிலையில் எஃப் 6.3. ஊர் வீட்டின் கூடத்தில், ஒற்றை டியூப்லைட்டில், பாட்டியை எடுத்தால் இன்றைய நல்ல செல்போன் படத்துக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் தெரியாது. செல்போன் பல படங்களை எடுத்து ஒன்றாகக் கோத்துவிடுகிறது. அதே உடம்பில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் போடுங்கள். எடை 160 கிராம். துவாரக் கணக்கில் 12 மடங்கு ஒளி உள்ளே வரும். முகத்துச் சுருக்கமும் கண்ணில் உள்ள ஒளியும் அப்படியே பதியும். பின்னால் உள்ள கொடிக்கயிறும் துணிகளும் மங்கி ஒதுங்கும். கூடவரும் லென்ஸ் அல்லாத ஒரு லென்ஸுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க முடிந்தால் மட்டுமே மிரர்லெஸ் வாங்குங்கள் என்பது என் கருத்து. ஒரு நிறுவனத்தின் லென்ஸ் மற்றொன்றின் உடம்பில் நேராகப் பொருந்தாது என்பதையும் மறக்க வேண்டாம். உடம்பைத் தேர்ந்தெடுக்கும்போதே லென்ஸ் குடும்பத்துக்குள் பெண் கொடுத்தாயிற்று!

பராமரிப்பு

நம் மும்பை மழைக்காலம் லென்ஸுக்கு எதிரி. ஜூன் முதல் செப்டம்பர் வரை பீரோவுக்குள் வைத்தால் கண்ணாடியில் பூஞ்சை படரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்தாலே போதும். ஜெல் நிறம் மாறினால் மாற்றிவிடுங்கள். தோல் உறைக்குள் வைத்து மூட வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். மிரர்லெஸ்ஸில் லென்ஸ் மாற்றும்போது உடம்பைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். தாதர் பிளாட்பாரத்திலும் ஊர்த் தேரோட்டத்திலும் மாற்றாதீர்கள். ஜூம் காமிராவில் மாற்றும் தொல்லை இல்லை. ஆனால் நீண்டு சுருங்கும் குழல் வழியே தூசி உள்ளே போனால் வீட்டில் சுத்தம் செய்ய வழியில்லை. இன்னொன்று, ஆர்50-ல் கண் வைத்துப் பார்க்கும் துவாரம் உண்டு, எஸ்எக்ஸ்740-ல் கிடையாது. உச்சிவெயிலில் திரை மட்டும் பார்த்து எடுப்பது சிரமம்.

யாருக்கு எது?

பகலில் பிரயாணம், கோயில், பறவை, மலை என்று போகிறவர்கள், லென்ஸ் மாற்றும் பொறுமை இல்லாதவர்கள், கையில் ஒன்றே ஒன்று இருந்தால் போதும் என்பவர்கள் ஜூம் காமிராவையே தாராளமாக வாங்கலாம். வெயிலில் எடுத்த அதன் படத்தை ஏ4 அளவுக்கு அச்சிட்டால் ஒரு குறையும் தெரியாது. முதியவர்களுக்கும் அதுவே சௌகரியம்.

வீட்டில் நாட்டியமோ பாட்டோ கற்கும் குழந்தை இருந்தால், அல்லது வீட்டுக்குள்ளும் இரவிலும் நடக்கும் விசேஷங்களும் பெரியவர்களின் முகங்களும்தான் முக்கியம் என்றால் மிரர்லெஸ்தான். முதலில் உடம்பும் 50 மி.மீ. லென்ஸும், அடுத்த போனஸில் 55-210 என்று படிப்படியாக வாங்கலாம். இரண்டு தேவையும் சரிபாதி என்றால் நான் மிரர்லெஸ் பக்கமே சாய்வேன். எட்டாத தூரத்துக்கு நாளை ஒரு லென்ஸ் வாங்கிச் சேர்க்கலாம். சிறிய சென்சாரை மட்டும் பெரிதாக்க வழியே இல்லை.

கோட்டைப் பகுதியில் போரா பஜார் கடைகளுக்குப் போனால் உங்கள் மெமரி கார்டையும் கையோடு கொண்டுபோங்கள். கடைக்கு வெளியே தெரு முனையையும், கடைக்குள் விளக்கு குறைந்த மூலையில் உங்கள் துணைவரின் முகத்தையும் இரண்டு காமிராவிலும் எடுத்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். இந்திய வாரண்டி உள்ள பில் கேட்டு வாங்குங்கள். எந்தக் காமிரா ஆனாலும் ஊரில் எடுத்த படங்களை இரண்டு இடத்தில் சேமித்துவிட்டு, நல்லதாகப் பத்தை அச்சிட்டுப் பெரியவர்களுக்குத் தபாலில் அனுப்பிவையுங்கள். செல்போன் திரையைத் தள்ளிப் பார்க்கத் தெரியாதவர்களுக்குக் கையில் பிடித்துப் பார்க்க ஒரு படம் வேண்டுமல்லவா?